புத்தக மதிப்பு பூஜ்யம்: பிரிமியர் லீக்கின் இருபது கிளப்களுக்கு ஒரு திறந்த மடல்

இங்கிலாந்தின் முதல்நிலைக் கால்பந்துப் போட்டியான பிரிமியர் லீக்கின் பங்குதாரர்களான இருபது கிளப் நிர்வாகங்களுக்கு,

வணக்கம்.

2025 நவம்பர் 18. கிளாஸ்கோவில் இரவு ஏழே முக்கால் மணி, எனக்கு 19ஆம் தேதி விடிகாலை ஒன்றே கால். மறுநாள் 20ஆம் தேதி, ஜிஎஸ்டி தாக்கலுக்குக் கடைசி நாள், ஆபீஸில் வேலை குவிந்து கிடக்கிறது. இருந்தும் தூங்கவில்லை. ஹாம்ப்டன் பார்க்கில் ஸ்காட்லாந்துக்கும் டென்மார்க்குக்கும் ஆட்டம். ஸ்காட்லாந்து ஜெயித்தால் உலகக் கோப்பைக்கு நேராகப் போகலாம். டென்மார்க்குக்கு டிரா போதும்.

மூன்றாம் நிமிடம். வலது ஓரத்திலிருந்து பென் கேனன்-டோக் பந்தைத் தூக்கி, கோலுக்கு முன்னாலுள்ள பாக்ஸுக்குள் போட்டார். அங்கே நின்ற ஸ்காட் மக்டோமினேக்கு அது சரியாக அமையவில்லை. முன்னால் வரவேண்டிய பந்து பின்னால் வந்தது. மனிதர் கோலுக்கு முதுகைக் காட்டியபடியே எழும்பினார். ஆறடிக்கு மேல் வளர்ந்த உடம்பு காற்றில் மல்லாந்து படுத்தது, கால் தலைக்கு மேலே போய்ப் பந்தைச் சந்தித்தது, டென்மார்க் கோல்கீப்பர் ஷ்மைக்கேலைத் தாண்டிப் பந்து வலைக்குள் விழுந்தது. வீட்டில் எல்லோரும் தூங்கும்போது சத்தம் வராமல் கத்துவது எப்படி என்று அன்றைக்குத்தான் கற்றுக்கொண்டேன்.

அப்புறம் நடந்தது உங்களுக்கே தெரியும். டென்மார்க் இரண்டு தடவை சமன் செய்தது, தொண்ணூறு நிமிடம் தாண்டிய பிறகு ஸ்காட்லாந்தின் டியர்னி ஒன்று அடித்தார், கடைசியில் கென்னி மக்லீன் மைதானத்தின் நடுக்கோட்டுப் பக்கத்திலிருந்தே தூக்கி அடித்தார். 4-2. 1998க்குப் பிறகு முதல் தடவையாக ஸ்காட்லாந்து ஆண்கள் அணி உலகக் கோப்பைக்குத் தகுதி பெற்றது.

நான் கணக்கெழுதிப் பிழைப்பவன். இருபது வருடமாக ஆடிட்டர் ஆபீஸ் வேலை. அதனாலோ என்னவோ, அந்த முதல் கோலைத் திரும்பத் திரும்பப் பார்த்தபோது எனக்குள் வேறொரு கணக்கு ஓடியது. பந்தைப் போட்டவரும் சரி, அடித்தவரும் சரி, இரண்டு பேருமே உங்கள் கிளப்களின் அகாடமியிலிருந்து, அதாவது சிறுவர்களை வளர்க்கும் பயிற்சிப் பள்ளியிலிருந்து, வெளியே விற்கப்பட்டவர்கள். கேனன்-டோக்கை 16 வயதில் செல்டிக்கிலிருந்து லிவர்பூல் கூட்டிக்கொண்டு போனது. 2025இல் போர்ன்மத்துக்கு விற்றது. மக்டோமினேயை வளர்த்த மான்செஸ்டர் யுனைடெட் 2024இல் இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரக் கிளப்பான நாப்போலிக்கு விற்றது. இரண்டு விற்பனையிலும் கிடைத்த பணத்தில் ஏறக்குறைய மொத்தமும் ‘லாபம்’ என்ற பத்தியில் ஏறியிருக்கும்.

ஆட்டம் முடிந்த மூன்றாம் நாள், நவம்பர் 21 அன்று, நீங்கள் கூடி வாக்களித்தீர்கள். பழைய லாப நட்ட விதியைத் தூக்கிவிட்டு, அணிச் செலவு வருமானத்தில் 85 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்ற புது விதியை 2026-27 பருவத்திலிருந்து கொண்டுவர 14 கிளப்கள் கை தூக்கின. ஆறு எதிர்த்தன. விதி நிறைவேறத் தேவையான எண்ணிக்கையே 14தான். இவ்வளவு கஷ்டப்பட்டு ஒரு விதியை மாற்றினீர்களே, அதிலும் பழைய ஓட்டையை அப்படியே விட்டு வைத்திருக்கிறீர்கள் என்பதைச் சொல்லத்தான் இந்த மடல்.

முதலில் அந்தப் பையனின் கதை. கணக்கைப் பிறகு பார்ப்போம்.

மக்டோமினே பிறந்தது இங்கிலாந்தின் வடமேற்கில், லங்காஸ்டரில், 1996 டிசம்பரில். அப்பா வழிதான் ஸ்காட்லாந்து, ஹெலன்ஸ்பரா ஊர்க்காரர். பையனுக்கு ஐந்து வயது இருக்கும்போது யுனைடெட்டின் பயிற்சி மையத்தில் சேர்த்தார்கள். ஐந்து வயது என்றால் நம் ஊரில் யூகேஜி. அன்றிலிருந்து 27 வயது வரை அவருக்கு வேறு கிளப் கிடையாது. நடுவில் எங்கேயும் லோனில், அதாவது இரவலாகக்கூடப் போகவில்லை.

இதில் எனக்குப் பிடித்த கட்டம், யாரும் கோல் அடிக்காத கட்டம்தான். பதினெட்டு வயது வரை பையன் ஐந்தரை அடி உயரத்தைச் சுற்றியே நின்றுவிட்டான். கூட இருந்தவர்கள் எல்லாம் தோள் அகன்று, மீசை அரும்பி, மேல் அணிகளுக்குப் போய்க்கொண்டிருக்க, இவன் மட்டும் சின்னப்பையன்களோடு நின்றான். அப்புறம் திடீரென்று, மழைக்குப் பிந்தைய மூங்கில் மாதிரி, இரண்டு வருடத்துக்குள் ஆறடியைத் தாண்டிவிட்டான். அதுவும் சுலபமில்லை. அந்த வேகத்தில் எலும்பு வளரும்போது முழங்காலும் முதுகும் சும்மா இருக்காது. நேற்று வரை கட்டுப்பட்ட பந்து இன்று காலுக்கு எட்டாத இடத்தில் இருக்கும். பெரிய கிளப்பில் இப்படிப்பட்ட பையனைக் கழற்றிவிடுவதுதான் வழக்கம். யுனைடெட்டில் அந்த நாளில் இருந்த பயிற்சியாளர்கள் காத்திருந்தார்கள். இரண்டு வருடத்தில் பலன் வராத ஒரு பையனுக்கு உணவும், மருத்துவரும், மைதானமும், நேரமும் கொடுத்துக்கொண்டே இருந்தார்கள்.

2017 மே 7 அன்று ஆர்சனல் மைதானத்தில், ஆட்டம் முடியப் போகும் நேரத்தில் சப் ஆக உள்ளே வந்தார். யுனைடெட் 2-0 என்று தோற்ற ஆட்டம். அடுத்த பருவம் மேனேஜர் மோரின்யோ அவரை நம்பி இறக்கினார். எந்த அளவுக்கு என்றால், 2018இல் அதுவரை இல்லாத ‘மேனேஜரின் சிறந்த வீரர்’ என்ற விருதையே உண்டாக்கி அவர் கையில் கொடுத்தார். விருது கொடுக்கும் மேடையில் கொஞ்சம் அசட்டுச் சிரிப்போடு நின்ற நெட்டைப் பையனை நினைத்துப் பாருங்கள். அதே 2018 மார்ச்சில் இங்கிலாந்தா ஸ்காட்லாந்தா என்ற கேள்வி வந்தது. இங்கிலாந்தும் கேட்டுப் பார்த்தது. அப்பாவின் ஊரைத் தேர்ந்தெடுத்தார். ஹாம்ப்டனில் கோஸ்டா ரிகாவுக்கு எதிராக முதல் ஆட்டம், அதிலும் 1-0 தோல்வி.

அதற்குப் பின் யுனைடெட்டில் ஆறேழு வருடம் அவர் ஒரு மாதிரியான இடத்தில் இருந்தார். மொத்தம் 255 ஆட்டம், 29 கோல். நல்ல வீரர், ஆனால் யாரும் சட்டையில் பெயர் போட்டு வாங்குகிற வீரர் இல்லை. ரசிகர்கள் எழுதிய கனவு அணிகளில் அவர் பெயர் இருக்காது. சனிக்கிழமை மைதானத்தில் பார்த்தால் இருப்பார். 2020 மார்ச்சில் மான்செஸ்டர் சிட்டிக்கு எதிராக, கோல்கீப்பர் எறிந்த பந்தை மடக்கி வெகு தூரத்திலிருந்து காலியான வலைக்குள் அடித்தார். அடுத்த சில நாளில் கொரோனா வந்து மைதானங்களைப் பூட்டிவிட்டது. அதே வருடம் டிசம்பரில் லீட்ஸுக்கு எதிராக முதல் மூன்று நிமிடத்துக்குள் இரண்டு கோல். பிரிமியர் லீக்கில் அதற்கு முன் யாரும் செய்யாதது. 2023 அக்டோபர் 7 அன்று பிரென்ட்ஃபோர்டிடம் 1-0 என்று பின்தங்கியிருந்தபோது 87ஆம் நிமிடம் உள்ளே வந்து, தொண்ணூறு நிமிடம் தாண்டிய பிறகு இரண்டு அடித்துவிட்டுப் போனார். ஊர்க் கல்யாணத்தில் கடைசிப் பந்திக்குப் பரிமாற ஆள் இல்லாதபோது வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வருவாரே ஒரு சொந்தக்காரர், அந்த ரகம்.

அதே 2023 மார்ச்சில் ஸ்காட்லாந்துக்காக நடந்ததை யுனைடெட்டில் யாரும் உன்னிப்பாகப் பார்த்ததாகத் தெரியவில்லை. சைப்ரஸுக்கு எதிராக இரண்டு கோல், மூன்று நாள் கழித்து ஸ்பெயினுக்கு எதிராக இரண்டு கோல், ஸ்காட்லாந்து 2-0. அந்த யூரோ கோப்பைத் தகுதிச் சுற்றில் மட்டும் ஏழு கோல். பயிற்சியாளர் ஸ்டீவ் கிளார்க் செய்தது ஒன்றே ஒன்றுதான்: தடுப்பாட்ட வரிசைக்கு முன்னால் காவல் நிற்க வைக்காமல் அவரை முன்னால் போக விட்டார். கோலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பந்தை வாங்கித் திருப்பிக் கொடுக்கிற வேலை மக்டோமினேக்கு அவ்வளவாக வராது. பின்னாலிருந்து ஓடி, எல்லோரும் பந்தைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது பாக்ஸுக்குள் நுழைகிற வேலை பிரமாதமாக வரும்.

சரி, இப்போது கணக்கு.

ஒரு கிளப் ஒருவரை விலை கொடுத்து வாங்கினால் அந்த விலை முழுவதும் அந்த வருடமே செலவாக எழுதப்படுவதில்லை. ஒப்பந்த வருடங்களில் பிரித்து எழுதுகிறீர்கள். நாங்கள் இயந்திரத்துக்குத் தேய்மானம் எழுதுவது போலத்தான். உதாரணத்துக்கு அதே ஹாம்ப்டன் ஆட்டத்தில் டென்மார்க்கின் பெனால்டியை அடித்த ராஸ்முஸ் ஹோய்லுண்டை எடுத்துக்கொள்வோம். 2023இல் யுனைடெட் அவரை அட்டலான்டாவிடமிருந்து வாங்கியபோது ஆரம்ப விலை 6.4 கோடி பவுண்டு என்று செய்தி வந்தது. ஐந்து வருட ஒப்பந்தம். வருடத்துக்கு 1.28 கோடி கழியும். இரண்டு வருடம் கழித்துப் புத்தகத்தில் மிச்சம், அதாவது புத்தக மதிப்பு, 3.84 கோடி. இதற்குக் குறைவாக விற்றால் நட்டம் காட்ட வேண்டும். 2025இல் அவரை நாப்போலிக்கு லோனில் அனுப்பினார்கள். பின்னால் நிபந்தனை நிறைவேறினால் வாங்கியே ஆகவேண்டும் என்று பேசிய தொகை சுமார் 4.4 கோடி யூரோ. அதைப் பவுண்டாக மாற்றிப் பாருங்கள், ஏறக்குறைய அந்த 3.84 கோடியே வரும். பேரேடு எழுதுகிறவனுக்கு இது தற்செயலாகத் தெரியாது.

இப்போது மக்டோமினே. ஐந்து வயதில் வந்த பையனுக்கு யாரும் விலை கொடுக்கவில்லை. எனவே புத்தக மதிப்பு பூஜ்யம். 2024 ஆகஸ்ட் 30 அன்று நாப்போலி கொடுத்த சுமார் 2.5 கோடி பவுண்டும் அன்றைக்கே லாபம். அதே நாளில் பாரிஸ் செயின்ட்-ஜெர்மைன் கிளப்பிலிருந்து மனுவேல் உகார்ட்டே வந்தார், ஆரம்ப விலை சுமார் 4.2 கோடி பவுண்டு, ஐந்து வருட ஒப்பந்தம். அவரும் மிட்ஃபீல்டர்தான். ரொக்கமாகப் பார்த்தால் கிளப்பின் கையிலிருந்து 1.7 கோடி வெளியே போயிருக்கிறது. லாப நட்டக் கணக்கில் பார்த்தால் வரவு 2.5 கோடி, செலவு வருடத்துக்கு 84 லட்சம். அந்த வருடம் 1.66 கோடி பவுண்டு லாபம்! ஒரு மிட்ஃபீல்டரைக் கொடுத்து, அவரைவிட விலை கூடிய இன்னொரு மிட்ஃபீல்டரை வாங்கி, லாபமும் காட்டலாம். எங்கள் வாடிக்கையாளர் யாராவது இப்படி ஒரு தாளைக் கொண்டுவந்தால் ‘சார், கொஞ்சம் உட்காருங்க’ என்று சொல்லி முதலில் காபி வாங்கிக் கொடுப்போம்.

இதே காரியத்தைச் செய்த ஒரு பட்டறைக்காரரை எனக்குத் தெரியும். அவரிடம் ஒரு பழைய லேத் இருந்தது. தேய்மானம் எல்லாம் எழுதி முடித்து, புத்தகத்தில் ஒரு ரூபாய் என்று நின்றது. பட்டறையிலேயே நுணுக்கமான வேலை அதில்தான் நடக்கும். ஒரு மார்ச் மாதம் வங்கிக்கு லாபம் காட்ட வேண்டியிருந்தது. எதை விற்றால் முழுத் தொகையும் லாபமாக நிற்கும்? அந்த லேத்தைத்தான். விற்றார். கடன் வாங்கிப் புது மெஷின் போட்டார். அந்த வருடக் கணக்கு அழகாக இருந்தது. அந்த நுணுக்கமான வேலைக்கு ஆள் பிடிக்கத்தான் அடுத்த வருடம் அலைந்தார்.

உள்ளூர் மாடு உள்ளூரில் விலை போகாது என்பார்கள். உங்கள் சந்தையில் நிலைமை தலைகீழ்: உள்ளூர் மாட்டை விற்றால்தான் கல்லா நிரம்புகிறது.

இன்னொரு விசித்திரம். பழைய விதியில் மூன்று வருடத்துக்குச் சேர்த்து 10.5 கோடி பவுண்டு வரை நட்டம் அனுமதி. அந்த நட்டத்தைக் கணக்கிடும்போது அகாடமிக்குச் செய்த செலவைக் கழித்துவிடலாம். நல்ல எண்ணத்தில் வைத்த சலுகைதான், குறை சொல்லவில்லை. ஆனால் விளைவைப் பாருங்கள்: பையனை வளர்க்கும் செலவு கணக்கில் வராது, அவனை விற்ற வரவு முழுதாக வரும். ஒரு பக்கம் மட்டும் எழுதும் பேரேடு. விதைநெல்லைத் தனியாக எடுத்து வைக்கச் சொல்லிவிட்டு, அதை விற்றால் போனஸ் என்றும் சொல்வது மாதிரி.

புது விதியில் இது சரியாகிவிட்டதா? இல்லை. அதை ஒரு பின்னமாக எழுதிப் பாருங்கள். மேலே சம்பளம், தேய்மானம், ஏஜென்ட் செலவு. கீழே கால்பந்து வருமானத்தோடு வீரர்களை விற்ற நிகர லாபம். மேலே இருப்பது கீழே இருப்பதில் 85 சதவீதத்துக்குள் இருக்கவேண்டும். அகாடமிப் பையனை விற்றால் அவன் சம்பளம் மேலேயிருந்து போய்விடும், விற்ற தொகை கீழே லாபமாகப் போய்ச் சேரும். ஒரே கையெழுத்தில் இரண்டு பக்கமும் லாபம். வாங்கி வந்த வீரரை விற்றால் மிச்சமிருக்கும் புத்தக மதிப்பு குறுக்கே நிற்கும். இவனுக்கு அப்படி எதுவும் இல்லை. கணக்குப் பிரிவில் உட்கார்ந்திருப்பவர் யாராக இருந்தாலும் முதலில் இவன் பெயருக்குத்தான் விரல் போகும். அவரைக் குறை சொல்ல முடியாது. நான் அந்த நாற்காலியில் இருந்தாலும் அதைத்தான் செய்வேன்.

இது என் கற்பனையும் இல்லை. மக்டோமினே போன அன்று அவருடைய மேனேஜர் எரிக் டென் ஹாக் பத்திரிகையாளர்களிடம் ஏறக்குறைய இதையேதான் சொன்னார்: விட மனமில்லை, ஆனால் சொந்தமாக வளர்த்தவர்களை விற்றால் கணக்கில் மதிப்பு அதிகம், விதி அப்படி இருக்கிறது, அது சரியில்லை. ஒரு மேனேஜர் இவ்வளவு வெளிப்படையாகச் சொல்வது அபூர்வம்.

மற்ற கிளப்களிலும் இதே கதைதான். நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட் தன் ஊரிலேயே பிறந்து எட்டு வயதிலிருந்து வளர்ந்த பிரென்னன் ஜான்சனை 2023 செப்டம்பர் 1 அன்று டாட்டன்ஹாமுக்கு விற்றது. கணக்கு வருடம் முடியும் ஜூன் 30க்குள் விற்றிருக்கவேண்டும், நல்ல விலைக்காகக் காத்திருந்தோம் என்ற வாதம் எடுபடவில்லை, நட்ட வரம்பைத் தாண்டியதற்காக 2024 மார்ச்சில் லீக் பட்டியலில் நான்கு புள்ளி பறிபோனது. சொந்தப் பையனை விற்றதும் போதவில்லை. இரண்டு மாதம் முன்னால் விற்றிருக்க வேண்டுமாம். நியூகாசில் 2024 ஜூன் கடைசியில், கெடு முடிகிற நேரத்தில், எலியட் ஆண்டர்சனை விற்றது. பக்கத்து ஊர்க்காரர், சின்ன வயதிலிருந்து அந்த கிளப்தான். பாட்டி வழியில் ஸ்காட்லாந்துக்கு ஆடியிருக்கலாம், ஒரு தடவை அழைப்பும் வந்தது. இப்போது இங்கிலாந்தின் நடுக்களத்தில் ஆடுகிறார். செல்ஸியில் மேசன் மவுண்ட், கானர் கலாகர் என்று வரிசையே இருக்கிறது. அதே செல்ஸி தன் மைதானத்தை ஒட்டிய இரண்டு ஓட்டல்களைத் தன் சகோதர நிறுவனத்துக்கே 7.65 கோடி பவுண்டுக்கு விற்றபோது அதையும் ஏற்றுக்கொண்டீர்கள். ஓட்டல் கட்டடமும் எட்டு வயதில் வந்த பையனும் ஒரே தலைப்பின் கீழ்!

இந்த இடத்தில் எனக்கு எதிரான வாதத்தையும் நானே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் யோக்கியமாக இருக்காது. மக்டோமினே விற்கப்பட்டது அவருக்கு நல்லதாகத்தான் முடிந்தது.

நாப்போலியில் ஆன்டோனியோ கோன்டே அவரை என்ன செய்தார் என்றால், ஸ்டீவ் கிளார்க் செய்ததையே இன்னும் கொஞ்சம் துணிந்து செய்தார். லுகாகு முன்னால் முதுகைக் கொடுத்துப் பந்தைப் பிடித்து வைப்பார், மக்டோமினே பின்னாலிருந்து ஓடி வருவார். முதல் பருவத்திலேயே லீக்கில் 12 கோல். 2025 மே 23 அன்று, பட்டம் யாருக்கு என்று முடிவாகும் இரவு, மாரடோனா பெயர் கொண்ட மைதானத்தில், கல்யாரிக்கு எதிராக 42ஆம் நிமிடம். பொலிட்டானோ வலதுபுறத்திலிருந்து பந்தைப் போட்டார், இவர் காற்றில் பக்கவாட்டில் படுத்தபடி உதைத்தார். ஹாம்ப்டன் கோலுக்கு அது ஒத்திகை என்று இப்போது தோன்றுகிறது. இரண்டாம் பாதியில் லுகாகு இன்னொன்று. 2-0. இன்டர் மிலானைவிட ஒரே ஒரு புள்ளி கூடுதலாக எடுத்து நாப்போலி நான்காம் தடவை பட்டம் வென்றது. இத்தாலிய லீக்கின் அந்தப் பருவத்துச் சிறந்த வீரர் விருதும் இவருக்கே. உலகின் சிறந்த வீரருக்குத் தரும் பலோன் டி’ஓர் விருதுக்கான முப்பது பேர் பட்டியலிலும் பெயர் வந்தது.

நேப்பிள்ஸ்காரர்கள் யாரையாவது தத்தெடுத்துக்கொண்டால் பாதியில் நிறுத்துவதில்லை. அவர் பெயரோடு அந்த ஊர் வழக்கில் ‘நம்ம தம்பி’ என்ற சொல்லைச் சேர்த்து மக்ஃப்ராட்ம் என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். சுவரில் ஓவியம், உடம்பில் பச்சை. கிறிஸ்துமஸ் குடில் பொம்மைகளுக்குப் பேர்போன சான் கிரிகோரியோ ஆர்மெனோ தெருவில் ஆட்டிடையர்களுக்கும் மூன்று ராஜாக்களுக்கும் நடுவில் நெட்டையாக இவர் பொம்மையும் விற்றது. இவரோ பேட்டியில் அந்த ஊர்த் தக்காளியைப் பற்றிப் பேசினார். இங்கிலாந்தில் இருந்தவரை தக்காளி பக்கமே போகாதவர், அது வெறும் சிவப்புத் தண்ணீர் என்பது அவர் கருத்து. இங்கே வந்தபின் நொறுக்குத்தீனி மாதிரித் தின்கிறாராம். அந்தப் பேட்டியைப் படித்த அன்று எனக்கு அவரை இன்னும் கொஞ்சம் பிடித்துப் போனது.

ஆகவே, விதி இல்லாமல் இருந்திருந்தால் யுனைடெட் அவரை வைத்திருக்குமா, வைத்திருந்தால் சரியான இடத்தில் ஆட விட்டிருக்குமா என்று கேட்டால், சந்தேகம்தான். அந்தக் கிளப்பின் பணத் தட்டுப்பாட்டுக்கு உங்கள் விதி மட்டும் காரணமும் இல்லை. 2022இல் 8 கோடி பவுண்டுக்கு மேல் கொடுத்து வாங்கிய அந்தோனியை 2025இல் அதில் கால் பங்கை ஒட்டிய விலைக்குத்தான் தள்ளிவிட முடிந்தது. இப்படி வாங்கிய பள்ளத்தை எதைப் போட்டு நிரப்புவது? பூஜ்யம் மதிப்புள்ள பையனைப் போட்டுத்தான். நான் சொல்ல வருவது இதைத்தான். வாங்குவதில் செய்கிற தவறுக்கு வளர்ப்பதில் செய்த நல்ல வேலையிலிருந்து அபராதம் கட்ட வைக்கிறது உங்கள் கணக்கு முறை. ஒருவரை விற்பதா வேண்டாமா என்பதை ஆட்டம் தெரிந்தவர்கள் சண்டை போட்டு முடிவு செய்யட்டும். தராசில் உங்கள் விரல் இருக்கவேண்டாம்.

என்ன செய்யலாம் என்று கேட்பீர்கள். எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன். பதினெட்டு வயதுக்கு முன் குறைந்தது எட்டு வருடம் ஒரே கிளப்பில் வளர்ந்த வீரர் என்றால், அவர் அங்கேயே ஆடும்வரை அவர் சம்பளத்தில் பாதியை மட்டும் அந்த 85 சதவீதக் கணக்கில் எடுங்கள். வைத்திருப்பதற்கும் ஒரு ஆதாயம் வேண்டும் அல்லவா? எட்டு வருடம் என்று ஏன் சொல்கிறேன் என்றால், இப்போது ‘உள்நாட்டில் வளர்ந்தவர்’ என்பதற்கு நீங்கள் வைத்திருக்கும் அளவுகோல் 21 வயதுக்குள் மூன்று பருவம், அவ்வளவுதான். கிளாஸ்கோவில் பதினாறு வயது வரை வேறொருவர் வளர்த்த பையனைக் கொஞ்சம் இழப்பீடு கொடுத்து அழைத்துப் போய் நம் பையன் என்று சொல்லிக்கொள்ளலாம். பில்லி கில்மரை ரேஞ்சர்ஸிடமிருந்து செல்ஸி 2017இல் அப்படித்தான் கூட்டிப்போனது. அவரும் பிரைட்டன் வழியாக அதே 2024 ஆகஸ்டில் நாப்போலி போய், அதே பட்டத்தை வென்றார். ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு பிரிட்டன் விலகிய பிரெக்ஸிட்டுக்குப் பிறகு ஐரோப்பாவிலிருந்து 18 வயதுக்குக் குறைந்தவர்களை எடுக்க முடியாது என்பதால் ஸ்காட்லாந்து மேல் உங்கள் கண் இன்னும் அதிகமாக விழுகிறது என்பது தனிக்கதை.

அடுத்து, விற்ற தொகை. வாங்கிய விலையை ஐந்து வருடத்துக்குப் பிரிக்கிறீர்கள் அல்லவா, அகாடமி வீரரை விற்ற லாபத்தையும் அதே மாதிரி ஐந்து வருடத்துக்குப் பிரித்துக் கணக்கில் ஏற்றுங்கள். ரொக்கம் கிளப்பிடமே இருக்கட்டும், யாரும் கேட்கவில்லை. வளர்த்து விற்றே காலம் தள்ளும் சவுத்தாம்ப்டன் மாதிரி கிளப்களின் வயிற்றில் அடிக்கச் சொல்லவும் இல்லை. வருடா வருடம் விற்பவர்களுக்கு வருடா வருடம் ஒரு பங்கு வந்துகொண்டே இருக்கும். ஜூன் கடைசி வாரத்தில் மூச்சு முட்டி ஒருவனைத் தள்ளிவிட்டு மொத்தப் பள்ளத்தையும் ஒரே நாளில் மூடும் வித்தைதான் நடக்காது.

மாற்ற முடியாது என்று மட்டும் சொல்லாதீர்கள். செல்ஸி எட்டு வருடம், எட்டரை வருடம் என்று ஒப்பந்தம் போட்டுத் தேய்மானத்தை இழுத்தபோது, 2023 டிசம்பரில் நீங்கள் எல்லோரும் கூடி ஐந்து வருடத்துக்கு மேல் பிரிக்கக்கூடாது என்று முடிவெடுத்தீர்கள். ஓட்டை தெரிந்தது, அடைத்தீர்கள். சில மாதத்தில் முடிந்த வேலை.

யுனைடெட்டுக்கு ஒரு வார்த்தை தனியாக. 1937 அக்டோபரிலிருந்து இன்றுவரை உங்களுடைய ஒவ்வொரு ஆட்டத்தின் அணிப் பட்டியலிலும் சொந்த அகாடமிப் பையன் ஒருவனாவது இருந்திருக்கிறான். 2019 டிசம்பரில் எவர்டனுக்கு எதிராக அந்த வரிசை 4000 ஆட்டத்தைத் தொட்டது. அன்று நீங்கள் கொண்டாடியதை நானும் பார்த்தேன். அந்த வரிசை எந்தக் கணக்குப் புத்தகத்திலும் சொத்தாக இல்லை. போர் வந்தும் அறுபடாத வரிசை அது.

கடைசியாக ஒரு சின்ன வேண்டுகோள், இதற்கு வாக்கெடுப்பு எல்லாம் வேண்டாம். அடுத்த ஜூன் மாதம் உங்கள் நிதி மேலாளர்கள் வீரர்கள் பட்டியலை அச்சடித்து மேஜையில் வைப்பார்கள். பெயர், ஒப்பந்தம் முடியும் நாள், சம்பளம், புத்தக மதிப்பு என்று பத்திகள் இருக்கும். வலது ஓரத்தில் இன்னொரு பத்தி சேர்க்கச் சொல்லுங்கள்: ‘கிளப்பில் சேர்ந்தபோது வயது’. 2024இல் யுனைடெட்டின் தாளில் மக்டோமினே பெயருக்கு நேராக, அந்தப் பூஜ்யத்துக்குப் பக்கத்தில், 5 என்று இருந்திருக்கும்.

இப்படிக்கு,
அடுத்த ஆட்டத்துக்கும் கண்விழிக்கப் போகும் ஒரு கணக்கெழுதி